ஆகஸ்டுக்கு வெளியே நின்றவர்கள்

1942 ஆகஸ்ட் 8 ஆம் நாள் இரவு, பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் 13 பேர். ஏறக்குறைய எல்லாருமே கம்யூனிஸ்டுகள். அடுத்துப் பேச எழுந்த காந்தி அந்தப் பதின்மூவரையும் பாராட்டினார். இப்படி வாக்களித்ததில் அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். பொழுது விடிவதற்குள் அவரும் காரியக் கமிட்டியினரும் கைதானார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் சிறையிலிருந்து வெளியே வந்த அதே காங்கிரஸ், அகில இந்திய கமிட்டியில் இருந்த கம்யூனிஸ்டுகளை வெளியேற்றியது. அன்று வெட்கப்பட ஒன்றுமில்லாதிருந்த செயல் இப்போது துரோகம் ஆகியிருந்தது. அந்த மூன்றாண்டில் மாறியது என்ன என்பதைக் கம்யூனிஸ்டுகளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆகஸ்டுக்கு வெளியே நின்றவர்கள் ஒரு கட்சியார் அல்லர். முஸ்லிம் லீக் நின்றது, இந்து மகாசபை நின்றது, பஞ்சாபின் யூனியனிஸ்டுகள் நின்றார்கள், நம் மாகாணத்தில் நீதிக்கட்சி நின்றது, அம்பேத்கரின் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனம் நின்றது. காங்கிரசுக்குள்ளிருந்தே ராஜாஜி வெளியேறி நின்றார். இவர்களில் சிலர் அடுத்த ஐந்தாண்டில் நாட்டையே பங்குபோடும் வலிமை பெற்றார்கள். சிலர் சுவடில்லாமல் போனார்கள். எல்லாரையும் 'இயக்கத்தில் சேராதவர்கள்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் இந்த வேறுபாடு விளங்காது.

இயக்கத்தின் அளவை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் விலகி நின்றதன் கனமும் தெரியாது. 1943 முடிவுக்குள் கைதானவர்கள் 91,836 பேர் என்பது அரசே கொடுத்த கணக்கு. 208 காவல் நிலையங்களும் 332 ரயில் நிலையங்களும் 945 அஞ்சலகங்களும் தாக்கப்பட்டன. சுட்டுக்கொல்லப்பட்டவர்கள் ஆயிரத்துச் சொச்சம் என்றது அரசு. உண்மை அதற்கு மேல் என்றே பலரும் கருதுகிறார்கள். பலியா, தம்லுக், சதாரா ஆகிய இடங்களில் மக்கள் தங்கள் அரசைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். தம்லுக்கில் அது 1944 வரை நீடித்தது. நம் பக்கத்தில் சூலூர் விமானத்தளம் எரிந்தது. திருவாடானையில் கூட்டம் சிறையை உடைத்து ஆளை மீட்டுப்போனது. குலசேகரப்பட்டினத்தில் உப்புத்துறை அதிகாரி லோன் கொல்லப்பட்டார். 1857க்குப் பின் இவ்வளவு கடுமையான கலகத்தைக் கண்டதில்லை என்று வைசிராய் லின்லித்கோ சர்ச்சிலுக்குத் தந்தி அடித்தார். இப்படி ஒன்று கண்முன் நடக்கும்போது ஒதுங்கி நிற்க ஒரு கட்சிக்கு வலுவான காரணம் வேண்டும்.

அந்தக் காரணத்தை ஆகஸ்டில் தேடுவது வீண் என்பது என் எண்ணம். அது மார்ச்சில் இருக்கிறது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளோடு ஊர்ப்பக்கம் கிளம்பினார்கள். வெள்ளைக்காரன் போய்விடுவான் என்பது அதுவரை ஒரு கோரிக்கை. அந்தச் சில வாரங்களில் அது நடக்கக்கூடிய காரியமாகத் தோன்றத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் ஒரு திட்டத்தோடு டில்லி வந்தார். போருக்குப்பின் டொமினியன் அந்தஸ்து, அரசியல் நிர்ணய சபை என்று அதில் பலவும் உண்டு. ஆனால் கட்சிகள் எல்லாம் கண் வைத்தது ஒரு வாசகத்தின் மேல்: புதிய ஒன்றியத்தில் சேர விரும்பாத மாகாணம் சேராமலேயே இருக்கலாம். 'நாங்கள் போவோமா?' என்பது ஏறத்தாழ முடிந்த கேள்வி, 'போனபின் எவருக்கு என்ன?' என்பதுதான் இனிக் கேள்வி என்று பிரிட்டன் தன் வாயால் சொன்னதற்குச் சமம் அது. கிரிப்சின் தூது தோற்றது. கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

மார்ச் இறுதியில் அவரைப் பார்க்கப் போனவர்களின் வரிசையே இதற்குச் சாட்சி. பெரியார், ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், முத்தையா செட்டியார், சாமியப்பா முதலியார் ஆகியோர் நீதிக்கட்சியின் சார்பில் போய்த் திராவிட நாட்டைத் தனியே கேட்டார்கள். அம்பேத்கரும் எம்.சி. ராஜாவும் போய், இந்தத் திட்டம் எங்கள் மக்களைக் கைகாலைக் கட்டிச் சாதி இந்துக்களிடம் ஒப்படைப்பதாகும் என்று முறையிட்டார்கள். இந்து மகாசபை பிரிந்துபோகும் உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் திட்டத்தை நிராகரித்தது. லீக், பிரிவினைக்கு வாசல் திறந்ததைக் குறித்துக்கொண்டு, வாசல் போதவில்லை என்றது. ராஜாஜி ஏப்ரல் 23 அன்று சென்னைக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் பாகிஸ்தான் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் வந்தபோது இவர்கள் அனைவரும் மார்ச்சில் சொன்ன பதிலையே திரும்பச் சொன்னார்கள். ஆகவே அவர்களை அளக்கும் கோல் 'வெள்ளையன் போவதை விரும்பினார்களா' என்பதாக இருக்க முடியாது. அடுத்த வாரிசு யார் என்ற கேள்விக்கு என்ன பதில் வைத்திருந்தார்கள், அது எந்த மக்களின் நெஞ்சில் இருந்த அச்சத்தை அல்லது ஆசையைப் பேசியது என்று பார்க்க வேண்டும். ஒரு கட்சி பின்னர் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் அதைப் பொறுத்தே அமைந்தது.

இதைச் சோதித்துப்பார்க்கப் பஞ்சாபை விட நல்ல இடம் கிடையாது. அங்கே இரண்டு கட்சிகள் ஒரே வாக்காளரிடம், அதாவது தனித்தொகுதி முஸ்லிம் வாக்காளரிடம், போட்டியிட்டன. இரண்டும் ஆகஸ்டுக்கு வெளியே நின்றவை. யூனியனிஸ்டு கட்சி போருக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது, மாகாணத்தை ஆண்டது, நிலவுடைமையாளரும் விவசாயச் சாதியாரும் அதன் தூண்கள். 1937 தேர்தலில் 175 இடங்களில் பாதிக்கு மேல் அதற்கு. லீக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. 1946 தேர்தலில் லீக் எழுபதுக்கு மேல் வென்றது, யூனியனிஸ்டுகள் இருபதின் அருகே நின்றார்கள். இயக்கத்தில் சேராததற்கு மக்கள் தண்டனை கொடுத்தார்கள் என்றால் லீக்குக்கும் அது கிடைத்திருக்க வேண்டும். போரை ஆதரித்தவனுக்குப் பலன் கிடைத்தது என்றால் யூனியனிஸ்டுகள் ஏன் விழுந்தார்கள்? லீக்கிடம் 'போனபின்' என்பதற்கு ஒரு பதில் இருந்தது. அதன் காரியக் கமிட்டி 1942 ஆகஸ்டிலேயே முஸ்லிம்களை ஒதுங்கியிருக்கச் சொன்னது. 1943 டிசம்பரில் கராச்சியில் ஜின்னா 'பிரித்துவிட்டு வெளியேறு' என்று காங்கிரசின் முழக்கத்தையே எடுத்துத் திருப்பினார். அவரும் வெளியேறத்தான் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். யூனியனிஸ்டுகளிடம் இருந்த பதில், வெள்ளைக்காரன் இருக்கும்வரை செல்லுபடியாகும் பதில். அவன் கிளம்பும் நாளுக்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. வங்கத்தில் ஃபஸ்லுல் ஹக்கின் கிருஷக் பிரஜா கட்சிக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். லீக் வளர்ந்ததற்குக் காரணம் காங்கிரஸ் சிறையில் கிடந்ததும் ஆளுநர்கள் கை கொடுத்ததும்தானே? இதில் உண்மை இல்லாமலில்லை. சிந்துவில் அல்லா பக்ஷ், அரசின் ஒடுக்குமுறையைக் கண்டித்துத் தம் பட்டங்களைத் திருப்பிக் கொடுத்ததும் ஆளுநர் அவரைப் பதவிநீக்கம் செய்தார். இடம் லீக்குப் போயிற்று. அஸ்ஸாமிலும், 1943ல் வங்கத்திலும் எல்லைப்புற மாகாணத்திலும் லீக் மந்திரிசபைகள் ஏறியதில் ஆளுநர்களின் கையும் காலியான காங்கிரஸ் நாற்காலிகளும் உண்டு. ஆனால் அந்தக் காலி நாற்காலி எல்லாருக்கும் பொதுவாகத்தான் கிடந்தது. இந்து மகாசபையும் அதில் உட்கார்ந்தது. இந்துக்கள் படையில் சேர வேண்டும், பதவியில் இருப்பவர்கள் அவரவர் இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது சாவர்க்கரின் கட்டளை. வங்கத்தில் சியாமா பிரசாத் முகர்ஜி நிதியமைச்சர். சிந்துவில் மகாசபை அமைச்சர்கள் லீக்கோடு ஒரே மந்திரிசபையில் இருந்தார்கள்; 1943 மார்ச்சில் சிந்து சட்டமன்றம் பாகிஸ்தான் தீர்மானத்தை நிறைவேற்றியபோது எதிர்த்து வாக்களித்துவிட்டு, பதவியில் நீடித்தார்கள். இத்தனைக்கும் பின் 1945 மத்திய சட்டசபைத் தேர்தலில் மகாசபைக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. லீக் முப்பது முஸ்லிம் இடங்களையும் அள்ளியது. பிரிக்கப்படாத, இந்துக்கள் பெரும்பான்மையான இந்தியா வேண்டும் என்பது மகாசபையின் பதில். அதைக் காங்கிரசிடமே பெற்றுக்கொள்ள முடியும் என்று எண்ணிய வாக்காளனுக்கு, சிறைக்குப் போகாத ஒரு கட்சியிடம் அதை வாங்க என்ன அவசியம்?

என் வாதத்துக்கு மிகவும் முரண்டு பிடிப்பவர்கள் கம்யூனிஸ்டுகள். அதை மறைக்க விரும்பவில்லை. 'அவர்கள் வாரிசுக் கணக்கா பார்த்தார்கள்? மாஸ்கோவைப் பார்த்தார்கள்' என்று சொல்லப்படுவது வெறும் வசை அன்று. 1941 ஜூன் 22 அன்று ஹிட்லர் சோவியத் மண்ணில் நுழையாதிருந்தால், போரை ஆதரிக்கச் சொன்ன 'மக்கள் யுத்தம்' என்ற சொல்லே பிறந்திருக்காது. ஆனாலும் கட்சி தன் நிலையை மாற்ற டிசம்பர் வரை ஆயிற்று. தேவ்லி முகாமில் அடைபட்டிருந்தவர்களுக்கும் வெளியே தலைமறைவாக இருந்தவர்களுக்கும் இடையே நீண்ட வாதம் நடந்தது. உத்தரவுக்குக் கீழ்ப்படிவது மட்டுமே காரியமானால் ஆறு மாதம் எதற்கு? 1934 முதல் இருந்த தடை 1942 ஜூலையில் நீங்கியது. அதையும் மனத்தில் வைத்தே அவர்களை அளக்கிறோம். தடை நீங்கிய கட்சி வேலைநிறுத்தம் வேண்டாம், உற்பத்தியைப் பெருக்கு என்றது. மக்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்த மாதங்களில் அந்தச் சொல் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கூடவே தலைவர்களை விடுதலை செய், காங்கிரசும் லீக்கும் சேர்ந்து தேசிய அரசு அமைக்கட்டும் என்றும் கேட்டது. செப்டம்பரில் கட்சியின் கோட்பாட்டாளர் ஜி. அதிகாரி எழுதிய ஆய்வுரை வழியாக முஸ்லிம் தேசிய இனங்களின் சுயநிர்ணயத்தையும் ஏற்றது. அதாவது 'போனபின்' என்ற கேள்விக்குக் கம்யூனிஸ்டுகளிடமும் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் இரண்டு பெரிய கட்சிகள் கைகுலுக்குவதை நம்பியிருந்தது. குறிப்பிட்ட எந்த மக்கள் கூட்டமும் 'இது எங்கள் பதில்' என்று உரிமை கொண்டாடவில்லை.

ஆயினும் 1942 கம்யூனிஸ்டுகளைக் கொன்றுவிட்டது என்பதும் சரியில்லை. 1943 மே மாதம் பம்பாயில் முதல் மாநாடு கூடியபோது உறுப்பினர்கள் பதினைந்தாயிரத்துச் சொச்சம். ஓராண்டுக்கு முன் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. 1946ல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. வங்கப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி திறந்ததும், கேரளத்திலும் ஆந்திரத்திலும் விவசாயச் சங்கம் கட்டியதும் இந்தச் சட்டபூர்வ காலத்தில்தான். 1946ல் மாகாணங்கள் எல்லாம் சேர்த்து அவர்கள் பெற்ற இடங்கள் எட்டு. கேவலமான எண்ணிக்கைதான். ஆனால் வங்கத்தில் எங்கே வென்றார்கள் என்று பாருங்கள். ஜோதி பாசு ரயில்வே தொழிலாளர் தொகுதியில், ரத்தன்லால் பிராமின் டார்ஜிலிங் தேயிலைத் தொழிலாளர்களிடையே, ரூப்நாராயண் ராய் தினாஜ்பூர் விவசாயிகளிடையே. உற்பத்தியைப் பெருக்கச் சொன்ன கட்சியை ரயில்வே தொழிலாளியே தேர்ந்தெடுத்தான். ஆறு ஆண்டுகளில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர்கள் 62 பேராக நுழைந்தார்கள், பி. ராமமூர்த்தி சிறையிலிருந்தபடியே மதுரையில் வென்றார். 1942இன் கறை படித்த நடுத்தர வர்க்கத்தின் நினைவில் ஆழமாகப் பதிந்தது. நிலத்துக்காகவும் கூலிக்காகவும் கட்சியோடு நின்றவர்களிடம் அது அப்படிப் பதியவில்லை. துரோகம் என்ற சொல்லுக்கும் வர்க்கம் உண்டு போலிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் கதை இன்னும் சிக்கல். அலகாபாத்தில் கூடிய அகில இந்திய கமிட்டி ராஜாஜியின் தீர்மானத்தை 120க்கு 15 என்று தள்ளியது. ஜூலையில் அவர் காங்கிரசையும் சட்டமன்றத்தையும் விட்டு விலகினார். லீக்கோடு உடன்பாடு காணாமல் வெள்ளையரை வெளியேறச் சொல்வது குழப்பத்தை அழைப்பது என்பது அவர் வாதம். 1944ல் காந்தி ஜின்னாவிடம் பேசப் போனபோது எடுத்துச்சென்றது ராஜாஜியின் திட்டத்தைத்தான். 1947ல் நடந்தது அவர் சொன்னதை விட மோசமான வடிவில் அதே காரியம். அறிவுக்கணக்கில் அவர் தோற்கவில்லை. ஆனால் 1946ல் சென்னை மாகாணத்துக்குப் பிரதமரை (முதலமைச்சருக்கு அன்றைய பெயர்) தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, மேலிடம் விரும்பியும் காந்தியே எழுதியும் காமராஜர் பக்கம் நின்ற தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் அவரை ஏற்கவில்லை. பிரகாசம் பதவிக்கு வந்தார். ஆகஸ்டில் சிறைப்பட்டவன், ஆகஸ்டில் ஒதுங்கியவனைத் தலைவன் என்று கூப்பிட மறுத்தான். டில்லியில் எடுபட்ட ராஜாஜி திருச்சியிலும் விருதுநகரிலும் எடுபடாமல் போனதற்குக் காரணம், அவர் பதில் முழுக்க அவருடைய பதிலாகவே இருந்தது. அதன் பின்னால் நிற்க ஒரு கூட்டம் இல்லை.

பெரியாரின் நிலை இதற்கு நேர் எதிர்முனை. போரை ஆதரித்ததும் ஆகஸ்ட் போராட்டத்தைக் கண்டித்ததும் நீதிக்கட்சிக்குப் பழகிய வழி. பழைய நீதிக்கட்சியின் ஜமீன்தார்களுக்கும் பட்டம் சுமந்தவர்களுக்கும் அது சௌகரியமான வழியும்கூட. அப்படியே இருந்திருந்தால் யூனியனிஸ்டுகளின் கதியே வந்திருக்கும். 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில், பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் துறக்கச் சொல்லும் அண்ணாதுரை தீர்மானம் நிறைவேறி, கட்சி திராவிடர் கழகம் ஆனது. வெளியே நிற்பதற்கான காரணத்தைச் சீமான்களிடமிருந்து பறித்து, பார்ப்பனரிடம் ஆட்சி போய்விடும் என்று அஞ்சிய கீழ்நடுத்தர மக்களிடம் கொடுத்த நாள் அது என்று கொள்ளலாம். 1946 தேர்தலில் கழகம் நிற்கவில்லை. 1947 ஆகஸ்ட் 15 துக்கநாள் என்றார் பெரியார், மகிழ்ச்சிக்குரிய நாள் என்றார் அண்ணா. பின்னாளில் ஓட்டுக் கேட்கப் போனவர் அண்ணா என்பதையும் பார்க்க வேண்டும். 1942இன் பழியைத் தோளில் சுமந்துகொண்டு வாக்குச்சாவடிக்குப் போக முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தேர்தல் முடிவை வைத்தே எல்லாவற்றையும் நிறுக்கிறேனே, அந்தத் தராசு நேர்மையானதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாக்குரிமை சொத்தும் படிப்பும் பார்த்துக் கொடுக்கப்பட்ட காலம். அதிலும் தொகுதி அமைப்பு ஆளுக்கொரு விதம். 1942 ஜூலையில் நாக்பூரில் பிறந்த தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்துக்கு முதல் தலைவர் நம் சென்னையின் என். சிவராஜ். அதே மாதம் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றார். பின்னால் நிற்க அவருக்கு ஒரு மக்கள் கூட்டம் உண்டு. 'போனபின்' என்ற கேள்வியை அவரை விடக் கூர்மையாகக் கேட்டவரும் இல்லை. என் வாதப்படி அவர் வளர்ந்திருக்க வேண்டும். 1946ல் அவர் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். காரணம் பூனா ஒப்பந்தத்தில் இருக்கிறது. ரிசர்வ் தொகுதியில் தாழ்த்தப்பட்ட மக்கள் மட்டும் வாக்களிப்பது முதற்சுற்றில். இறுதியில் வெற்றியை முடிவுசெய்வது பொதுத்தொகுதியின் சாதி இந்து வாக்கு. முதற்சுற்றில் நல்ல வாக்குப் பெற்ற சம்மேளன வேட்பாளர்கள் இறுதிச்சுற்றில் கவிழ்ந்தார்கள். லீக்குக்குத் தனித்தொகுதி இருந்ததால் அதன் மக்களின் பதில் அப்படியே இடங்களாக மாறியது. அம்பேத்கரின் மக்கள் சொன்ன பதிலை மற்றவர்களின் வாக்கு விழுங்கியது. ஆக, தராசு பழுதானது என்பதை ஏற்கிறேன். அந்தப் பழுதைக் கணக்கில் எடுத்த பின்பும் என் வாதம் நிற்கிறது.

கடைசி மறுப்பு இதைவிடக் கனமானது. மக்கள் சுடப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தபோது ஒதுங்கியவர்களை இப்படி லாப நஷ்டக் கணக்கில் பார்ப்பது அறத்தைத் தட்டிக்கழிப்பது ஆகாதா? ஒதுங்கியது ஒரு செயல், சுட்டவனோடு உட்கார்ந்தது வேறொரு செயல் என்று பிரித்தால் அறமும் தெளிவாகும் என்பேன். சம்மேளனத்தில் சேர்ந்த ஒரு தோட்டி தீண்டாமைக்கு நடுவே நின்று 'இது என் போராட்டமா' என்று கேட்டதில் குற்றம் காண எனக்கு வாய் வராது. மாகாண மந்திரிசபையில் இருந்துகொண்டு இயக்கத்தை அடக்குவது எப்படி என்று ஆளுநருக்கு யோசனை எழுதியது வேறு. சியாமா பிரசாத் முகர்ஜி அந்தக் கடிதத்தையும் எழுதினார், 1942 நவம்பரில் மிட்னாப்பூர் ஒடுக்குமுறை தாங்காமல் ராஜினாமாவும் செய்தார். புயலில் செத்த மாவட்டத்துக்கு நிவாரணம் போவதற்குப் போலீஸ் தடையாக நின்றதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரே மனிதரின் நான்கு மாத நடத்தையே 'தியாகி', 'துரோகி' என்ற இரண்டு பேரேடுகளில் எதிலும் அடங்கவில்லை. ஒரு கட்சி முழுவதும் எப்படி அடங்கும்?

இந்தப் பேரேடுகளைக் காங்கிரஸ் மேடையில் எவ்வளவு உரக்கப் படித்தாலும், அதிகாரம் கைமாறிய அன்று அவற்றை ஓரமாக வைத்துவிட்டது. 1947 ஆகஸ்ட் 15 அன்று பதவியேற்ற முதல் மத்திய அமைச்சரவையில் நேருவோடு சேர்த்து 14 பேர். சட்டத்துறைக்கு அம்பேத்கர், 1942ல் வைசிராயின் சபையில் இருந்தவர். தொழில்துறைக்கு முகர்ஜி, 1942ல் வங்க நிதியமைச்சர். பாதுகாப்புக்குப் பல்தேவ் சிங், 1942 ஜூனில் சிக்கந்தர் ஹயாத் கானின் யூனியனிஸ்டு மந்திரிசபையில் சேர்ந்தவர். நிதிக்குக் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார், நீதிக்கட்சி வழி வந்தவர், 1944ல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போனவர். அதே நாளில் மேற்கு வங்க ஆளுநராகப் பொறுப்பேற்றவர் ராஜாஜி. ஆகஸ்ட் தீர்மானத்தின்பின் தலைமறைவாக இருந்து இயக்கத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் ஜெயப்பிரகாஷ் நாராயணும் லோகியாவும் அருணா ஆசப் அலியும் அச்யுத் பட்வர்த்தனும். அந்தப் பதினான்கு பேரில் இவர்களில் ஒருவரும் இல்லை.